நீர்க்கரையில் ஒரு வறள்செடி: கிள்ளைப் பகுதியும் காட்டுச் செம்பருத்தி இனங்களும்

கேள்வி

கிள்ளை என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவில் எழுவது தண்ணீர்தான். வடக்கே வெள்ளாறு கடலில் கலக்கிறது, தெற்கே கொள்ளிடம். இரண்டுக்கும் இடையே உப்பங்கழிகள், அவற்றின் நடுவே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. 1975இல் வந்த ‘இதயக்கனி’ முதல் இன்றைய சுற்றுலாப் படகுகள் வரை, இந்தப் பகுதியை வெளியுலகம் பார்த்த பார்வை கால்வாயும் வேர்க்கூட்டமும் நிழலும் என்றே அமைந்துவிட்டது. 2022இல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது ஏறத்தாழ 1,478 ஹெக்டேர் சதுப்புநிலம் பன்னாட்டு மதிப்பைப் பெற்றது. தகுதியான மதிப்புதான்.

ஆனால் அந்தப் பட்டியலின் எல்லைக்கோட்டுக்கு வெளியே, கழிக்கும் வயலுக்கும் நடுவில், மணல்மேடுகளிலும் கரைகளிலும் பனைவரிசைகளின் அடியிலும் இன்னொரு தாவர உலகம் இருக்கிறது. அதன் பிரதிநிதியாக ஒரு செடியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஹைபிஸ்கஸ் மைக்ராந்தஸ் என்பது அதன் அறிவியல் பெயர். ஆப்பிரிக்காவின் வறள்வெளிகளிலிருந்து அரேபியா, இந்தியா, இலங்கை வரை பரவியுள்ள காட்டுச் செம்பருத்தி இது. வறண்ட பகுதிக்குரியது என்று தாவர நூல்கள் இதைக் குறிக்கின்றன. அதே நூல்கள் சோழமண்டலக் கரைச் சமவெளியையும் இதன் வாழிடத்துக்குள் வைக்கின்றன.

ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஒரு கடற்கரை எப்படி வறண்ட பகுதிச் செடிக்கு வீடாகும்? இக்கேள்விக்கான விடை ஒரு செடியோடு நிற்பதில்லை. கிள்ளை போன்ற இடத்தில் எதைக் காடு என்கிறோம், எதைத் தரிசு என்று தள்ளுகிறோம் என்பதையும் அது சோதித்துப் பார்க்கிறது.

செடியும் அதன் பதிவும்

தோட்டத்துச் செம்பருத்தியை மனத்தில் வைத்துக்கொண்டு இதைத் தேடுபவர் ஏமாந்து போவார். விளாறு போன்ற மெல்லிய கிளைகளுடன் முழங்காலளவிலிருந்து ஆளுயரம் வரை வளரும் சிறு புதர் இது. இலை பெரும்பாலும் கட்டைவிரல் நீளம்தான். ஓரம் ரம்பப் பல் போல வெட்டுப்பட்டிருக்கும். இலையை விரலால் தேய்த்தால் சொரசொரக்கும். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும்: ஒரே புள்ளியிலிருந்து நாலாபுறமும் கிளைக்கும் நட்சத்திர வடிவத் தூவிகள் இலையின் மேலும் கீழும் படர்ந்திருக்கின்றன. பூ ஒரு சட்டைப் பொத்தானின் அளவே இருக்கும். வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ விரிந்து, வாட வாடச் சிவப்பேறும். இதழ்கள் பின்னோக்கி மடங்கிக்கொள்ள, மகரந்தத் தாள்கள் ஒட்டிய குழல் மட்டும் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். செம்பருத்திக் குடும்பத்தின் முத்திரை அந்தக் குழல்தான். காய் சிறு பட்டாணி அளவு. முற்றி ஐந்தாக வெடித்தால் உள்ளே விதைகள் வெண்பஞ்சு போர்த்தியிருக்கும்.

இச்செடிக்கும் தோட்டச் செம்பருத்திக்கும் உள்ள தொலைவைவிட, இதற்கும் மெக்சிகோ, அமெரிக்க எல்லையிலுள்ள சொனோரன் பாலைவனத்தின் ஹைபிஸ்கஸ் டெனுடேட்டஸ் என்ற செடிக்கும் உள்ள தொலைவு குறைவு. வகைப்பாட்டாளர்கள் இரண்டையும் பாம்பிசெல்லா என்ற ஒரே பிரிவில் வைக்கிறார்கள். வறள்நில வாழ்க்கை இந்தப் பிரிவின் பல இனங்களுக்குப் பொதுவானது.

அறிவியல் உலகுக்கு இப்பெயர் அறிமுகமான வரலாறு கிள்ளைக்கு அயலானதல்ல. லின்னேயசின் மகன் 1782இல் வெளியிட்ட ‘சப்ளிமெண்டம் பிளாண்டாரம்’ என்ற நூலில்தான் ஹைபிஸ்கஸ் மைக்ராந்தஸ் முதன்முதலாகப் பெயர் பெற்றது. அந்நூலில் இடம்பெற்ற இந்தியச் செடிகளில் பல, யோஹான் கெர்ஹார்ட் கோனிக் அனுப்பியவை. லின்னேயசிடம் பயின்ற இவர் 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். கொள்ளிடத்தைத் தாண்டித் தெற்கே போனால் தரங்கம்பாடி. பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணியாற்றிய கோனிக், 1785இல் இறக்கும்வரை இக்கரையின் செடிகளைச் சேகரித்தார். அவருக்குப் பின் தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த ராட்லர் போன்றோர் அந்த வேலையைத் தொடர்ந்தனர். இந்தியத் தாவரவியல் என்ற துறை உருவான இடங்களில் இந்தச் சிறு கடற்கரைத் துண்டும் ஒன்று.

அதற்குப் பிறகு பதிவு அறுபடவில்லை. ஹூக்கரின் ‘பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்கள்’ நூலின் முதல் தொகுதியில் (1874) மாக்ஸ்வெல் மாஸ்டர்ஸ் செம்பருத்தி அடங்கிய துத்திக் குடும்பத்தை எழுதினார். காம்பிள் 1915 முதல் வெளியிட்ட சென்னை மாகாணத் தாவரத் தொகுதியும், திருச்சி ராபினாட் உலர்தாவரத் தொகுப்பிலிருந்து கே. எம். மேத்யூ 1980களில் கொண்டுவந்த தமிழ்நாட்டுக் கர்நாடிக் சமவெளித் தாவர நூலும் இச்செடியை அறிந்தவை. ஆகவே இது புதிதாகக் கண்டெடுக்கப்பட்ட அபூர்வம் அல்ல. இருநூற்று நாற்பது ஆண்டுகளாகப் பெயர் தெரிந்த செடி. பெயர் தெரிந்தும் கண்ணில் படாமல் இருப்பதுதான் விளக்கம் கேட்கும் செய்தி. வசதிக்காக இனி இக்கட்டுரை இதைச் ‘சிறுபூச் செம்பருத்தி’ என்று குறிக்கும்.

மழையின் கணக்கும் மாதத்தின் கணக்கும்

கிள்ளை வறண்டதா என்ற கேள்விக்கு ஆண்டு மழையளவைக் காட்டிப் பதில் சொல்வது எளிது. அந்தப் பதில் தவறானது. கடலூர் மாவட்டக் கரையில் ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதிலும் ஒன்றிரண்டு புயல்களின் பங்கு பெரிது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலை இம்மாவட்டம் மறந்திருக்காது.

தாவரங்களுக்கு ஆண்டுச் சராசரி பயன்படாது. அவை மாதம் மாதமாக வாழ்கின்றன. இதை அளக்க ஒரு கருவியை பிரெஞ்சுத் தாவரப் புவியியலர்கள் பாஞூலும் கோசனும் 1953இல் முன்வைத்தனர். ஒரு மாதத்தின் மழை, மில்லிமீட்டரில், அம்மாதத்தின் சராசரி வெப்பநிலையின் இருமடங்குக்குக் குறைவாக இருந்தால் அது வறண்ட மாதம். சராசரி வெப்பம் 28 பாகை என்றால் 56 மில்லிமீட்டர் மழையாவது வேண்டும். இந்த அளவுகோலைக் கிள்ளைக் கரைக்கு வைத்துப் பார்த்தால் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் ஆகிய மூன்றும் எந்த ஐயமும் இன்றி வறண்ட மாதங்கள். பல ஆண்டுகளில் வறட்சி ஜனவரியிலேயே தொடங்கி ஜூன் வரை நீள்கிறது. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமி தீர்த்தவாரிக்காகக் கிள்ளை முழுக்குத்துறைக்கு எழுந்தருளும்போது, வழியில் தைக்கால் இஸ்லாமியர் அளிக்கும் வரவேற்பு ஊரறிந்தது. அந்த ஊர்வலம் கடந்துபோகும் வழியோரப் புதர்கள் அப்போது ஏற்கெனவே நீருக்கு ஏங்கத் தொடங்கியிருக்கும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் (1955இல் நிறுவப்பட்டது) பணியாற்றிய லெக்ரிசும் மேஹர்-ஹோம்ஜியும் இந்த முரணை நெடுங்காலம் ஆராய்ந்தனர். சோழமண்டலக் கரையின் இயற்கைக் காட்டு வகைக்கு ‘வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காடு’ என்று பெயர். வறட்சி நீண்டது, ஆனாலும் இலை முழுவதும் உதிர்வதில்லை. இந்தக் காட்டின் எச்சங்கள் இன்று பெரும்பாலும் கோயில்காடுகளாகவே எஞ்சியுள்ளன. கடலூர் மாவட்டத்தின் குழந்தைக்குப்பம், திருமாணிக்குழி ஆகிய இரண்டு இடங்களில் பார்த்தசாரதியும் கார்த்திகேயனும் செய்த கணக்கெடுப்பு 1997இல் வெளியாயிற்று. இவ்வகைக் காடுகளுக்கு அறிவியல் கவனத்தைப் பெற்றுத் தந்த ஆய்வுகளில் அதுவும் ஒன்று.

இங்கே ஓர் இடையீடு தேவைப்படுகிறது. காடுகளைக் கணக்கெடுக்கும் வழக்கமான முறை, குறிப்பிட்ட சுற்றளவுக்கு மேற்பட்ட தண்டுகளை எண்ணுவது. பத்துச் சென்டிமீட்டர் என்பது பரவலாகப் பயன்படும் எல்லை. சிறுபூச் செம்பருத்தியின் தண்டு அந்த எல்லையை ஒருநாளும் எட்டாது. அது மட்டுமல்ல, நிழலடர்ந்த காட்டின் உள்ளேயும் அது வளராது. அதற்கு வேண்டியது திறந்த வெளியும் வெயிலும். காட்டைத் தேடிப் போகும் ஆய்வாளர், வழியில் மிதித்துக்கொண்டு போகும் செடி அது. கோயில்காட்டுக்குக் கிடைத்த மரியாதை அதன் வாசலில் இருக்கும் திறந்த புதர்வெளிக்குக் கிடைக்காமல் போனதற்கு ஆய்வுமுறைக்கும் பங்கு உண்டு.

காலத்தோடு மணலும் சேர்கிறது. பழைய கடற்கரைக் கோடுகளின் எச்சமான மணல்மேடுகள் இப்பகுதியில் கரைக்கு இணையாக நீள்கின்றன. மணலில் விழும் மழைநீர் நிற்காது. சில நாட்களில் வேர்மட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். பக்கத்து வயலில் தாளடி நெல் பசுமையாக நிற்கும்போதே மேட்டு மணல் காய்ந்துவிடுகிறது. நிலக்கடலையையும் சவுக்கையும் உழவர்கள் மேட்டுக்கு ஒதுக்கியது இதை அறிந்துதான்.

உப்பு என்னும் வறட்சி

மூன்றாவது வறட்சி, நீருக்குள்ளேயே இருக்கிறது. 1898இல் ஷிம்பர் என்ற ஜெர்மானியத் தாவரவியலர் ‘உடலியல் வறட்சி’ என்ற கருத்தை முன்வைத்தார். நிலத்தில் நீர் இருந்தும் செடியால் அதை உறிஞ்ச முடியாத நிலையே அது. சதுப்பு, குளிர்நிலம் என்று எல்லாவற்றுக்கும் அவர் இக்கருத்தை விரித்துப் பொருத்தியதைப் பிற்கால ஆய்வாளர்கள் மறுத்தனர். உப்புநிலத்தைப் பொறுத்தவரை அதன் மையம் நிலைத்துவிட்டது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அந்நீரிலிருந்து நன்னீரைப் பிரித்தெடுக்க ஒரு வேர் ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தத்துக்கு ஈடான இழுவிசையைச் செலுத்த வேண்டும். சுரபுன்னை வேரிலேயே உப்பைத் தடுக்கிறது. வெண்கண்டல் உள்ளே விட்டு இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது.

பிச்சாவரத்தின் அண்மை வரலாறே இதற்குச் சான்று. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இக்காடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு முற்றாக வெட்டப்பட்டது. வெட்டிய இடத்தில் வெயில் நேரடியாகப் பட்டது. ஈரம் ஆவியாகி மண் அமிழ்ந்து தட்டுப் போலக் குழிந்தது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் அந்தக் குழிவிலேயே தேங்கி, வெயிலில் வற்றி, கடலைவிட உப்பாயிற்று. அலையாத்தி மரங்கள் திரும்ப முளைக்கவில்லை. உமரி போன்ற உப்புப் பூண்டுகள் மட்டும் நின்றன. நீர் சூழ்ந்த இடத்தில் காடு வறட்சியால் அழிந்தது என்று சொன்னால் அது மிகையன்று.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து கண்டறிந்த தீர்வு எளிமையானது. மீன்முள் அமைப்பில் கால்வாய்கள் வெட்டி ஓதநீர் வந்து போக வழி செய்தார்கள். பிறகு கன்று நட்டார்கள். செல்வமும் அவரது குழுவினரும் 2003இல் வெளியிட்ட செயற்கைக்கோள் ஆய்வு, 1986க்கும் 2002க்கும் இடையில் பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியதாகக் காட்டிற்று. இங்கே கவனிக்க வேண்டியது முறை: முதலில் நிலம் ஏன் வறண்டது என்று கேட்டார்கள், அதன்பிறகே நடவுக்குப் போனார்கள். மேட்டு நிலத்துக்கு அந்த ஒழுங்கு இன்னும் வந்து சேரவில்லை.

உறவினர் இருவர்

இந்த மூன்று வறட்சிகளையும் செம்பருத்திச் சுற்றம் பங்கிட்டுக்கொண்டு வாழ்கிறது. லின்னேயஸ் 1753இல் ‘ஹைபிஸ்கஸ்’ என்று பெயரிட்ட இனங்களில் இரண்டு மரங்கள் இக்கரைக்குரியவை.

ஒன்று நீர்ப்பருத்தி, ஹைபிஸ்கஸ் டிலியேசியஸ். உப்பங்கழியும் நன்னீரும் கலக்கும் விளிம்பு அதன் இடம். காலையில் மஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டுடன் விரியும் பூ, மாலைக்குள் ஆரஞ்சும் செம்மையுமாக மாறி நீரில் விழுகிறது. அதன் விதை மிதந்து, கடல்நீரில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 2006இல் தகயாமாவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட மரபணு ஆய்வு, இம்மரத்தின் பரவலைக் கடல் எப்படித் தூர தூரக் கரைகளுக்கிடையே பேணுகிறது என்று காட்டியது. மற்றது பூவரசு. கிள்ளையிலும் சுற்று ஊர்களிலும் பூவரசு இல்லாத தெரு அரிது. இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளையும் அரிது. லின்னேயஸ் இதையும் ஹைபிஸ்கஸ் பேரினத்தில்தான் வைத்தார். 1807இல் இது தெஸ்பீசியா பேரினத்துக்குச் சென்றது. இன்று பருத்திக்கு நெருங்கிய உறவாகக் கருதப்படுகிறது. நீர்ப்பருத்தியையும் 2001இல் பால் ஃபிரிக்செல் தாலிபாரிட்டி என்ற பேரினத்துக்கு மாற்றினார். எல்லோரும் அதை ஏற்கவில்லை. 2002இல் வெளிவந்த பசுங்கணிக மரபணு ஆய்வு ஒன்று, ஹைபிஸ்கஸ் என்று நாம் அழைப்பது ஒரே கிளை அன்று, பல கிளைகளின் தொகை என்பதை வெளிக்கொணர்ந்தபின் இப்பிணக்கு இன்னும் கூர்மையாயிற்று.

பேரினங்களின் பிணக்கு எப்படி முடிந்தாலும், வாழிடத்தின் பாடம் மாறாது. நீர்ப்பருத்தி உப்போரத்தைக் கையாள்கிறது, பூவரசு மணலையும் உப்புக் காற்றையும் தாங்கி நிற்கிறது, சிறுபூச் செம்பருத்தி மழையற்ற மாதங்களைத் தாண்டுகிறது. கடைசி இனத்திடம் உள்ள கருவிகள் நட்சத்திரத் தூவிகள், சிறுத்த இலை, இக்குடும்பத்துக்கே உரிய வழவழப்பான சாறு ஆகியவை. துத்திக் குடும்பத்து விதைகள் பலவற்றில் நீர்புகாக் கடின உறையும் உண்டு. தவறான காலத்தில் பெய்த ஒரு மழைக்கு எல்லா விதையும் முளைத்து அழிந்துபோகாமல், சில விதைகள் மண்ணில் காத்திருக்க அந்த உறை உதவுகிறது. சித்திரையில் ஒரு கோடைமழை பெய்து மீண்டும் இரண்டு மாதம் காயும் கடற்கரையில் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது.

ஆகவே முதற்கேள்விக்கு விடை இதுதான். சிறுபூச் செம்பருத்தி இக்கரைக்கு வந்த விருந்தாளி அல்ல. ‘வறண்ட பகுதி’ என்பதைப் பாலைவனம் என்று மொழிபெயர்த்துக்கொண்டதே பிழை.

தரிசு என்ற தீர்ப்பு

இத்தகைய செடிகள் வாழும் திறந்த புதர்வெளிக்கு அரசு ஆவணங்களில் என்ன பெயர்? தேசியத் தொலையுணர்வு மையம் வெளியிடும் இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பில் ‘திறந்த புதருள்ள நிலம்’ ஒரு தரிசு வகை. கடற்கரை மணலும் ஒரு வகை. 1985இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டதிலிருந்து தரிசு என்றால் ‘மேம்படுத்த வேண்டியது’, மேம்பாடு என்றால் மரம் நடுவது என்ற சமன்பாடு உறுதிப்பட்டது. அதன் வேர் இன்னும் பழையது. 1830களில் பரங்கிப்பேட்டையில் ஜோசையா ஹீத் நிறுவிய இரும்பாலை மரக்கரியில் ஓடியது. விறகாகவும் கரியாகவும் மாறக்கூடியதே காட்டின் மதிப்பு என்ற கணக்கு அன்றே இக்கரைக்கு வந்துவிட்டது. வரிவசூலுக்கும் உலைக்கும் உதவாத நிலம் கணக்குக்கு வெளியே தள்ளப்பட்டது.

2004 டிசம்பர் 26க்குப் பின் இந்தப் பார்வைக்குப் புதிய நியாயம் கிடைத்தது. எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு முதலிய மீனவர் குடியிருப்புகள் ஆழிப்பேரலையில் சிதைந்தன. அந்த இழப்பின் முன் எந்த ஆய்வும் சிறியதுதான். ஆயினும் தொடர்ந்து எழுந்த விவாதத்தைத் துல்லியமாக நினைவுகூர வேண்டும். 2005இல் டேனியல்சனும் பிறரும் ‘சயன்ஸ்’ இதழில், கடலூர் மாவட்டக் கரையில் மரத்தொகுதிகளுக்குப் பின்னாலிருந்த ஊர்கள் குறைந்த சேதமே கண்டன என்று எழுதினார்கள். அதே ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டைக் கரையில் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து, உயிரிழப்பைக் கடலிலிருந்து உள்ள தொலைவு, நிலத்தின் உயரம், தாவரப் பரப்பு ஆகியவற்றோடு தொடர்புபடுத்தினார்கள். மறு ஆண்டே கெர், பெயர்ட், கேம்ப்பெல் ஆகியோர் அத்தரவை மீண்டும் கணக்கிட்டு, தொலைவையும் உயரத்தையும் கழித்துவிட்டால் தாவரத்தின் பங்கு மிகச் சிறிதே என்று மறுத்தார்கள். வெர்மாட், தம்பான்யா இருவரின் மறுகணக்கு அலையாத்திக்குச் சாதகமாக வந்தது.

இந்த வாதப் பிரதிவாதத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒன்று உண்டு: நிலத்தின் உயரம் உயிர்காத்தது. மணல்மேடு உயிர்காத்தது என்று இதை வாசிப்பதில் தவறில்லை. ஆனால் நடைமுறையில் கொண்டாடப்பட்டது மரம் மட்டுமே. உயிர்க்கேடயம் என்ற பெயரில் தமிழகக் கடற்கரை நெடுகச் சவுக்கு வரிசைகள் நடப்பட்டன. பல இடங்களில் மணல்மேடுகள் அதற்காகச் சமன்செய்யப்பட்டன. நாகப்பட்டினக் கரையை ஆராய்ந்த பல்லா 2007இல் இதைக் கேள்விக்குள்ளாக்கினார். 2010இல் ஃபீகினும் பிறரும் உயிர்க்கேடயக் கொள்கையின் தவறான பயன்பாட்டை உலக அளவில் விமர்சித்தார்கள். சவுக்கின் அடியில் ஊசிச் சருகு மெத்தையாகப் படியும். அடும்பும் இராவணன் மீசையும் பற்றிக்கொண்டு மணலைக் கட்டிய இடத்தில், அந்த மெத்தையைத் துளைத்து வரும் செடிகள் மிகக் குறைவு. வெயில் தேடும் சிறுபூச் செம்பருத்திக்கு அங்கே இடமே இல்லை.

எதிர்வாதங்கள்

இச்செடிக்காக வாதாடுவோர் மூன்று மறுப்புகளைச் சந்திக்க வேண்டும். முதலாவது வலுவானது. பருத்தி, வெண்டை ஆகியவற்றின் பூச்சிகளுக்குத் துத்திக் குடும்பத்துக் காட்டுச் செடிகள் மாற்றுப் புகலிடம் என்று வேளாண் துறையினர் எச்சரிக்கிறார்கள். சிவப்புப் பருத்தி நாவாய்ப்பூச்சியும் மாவுப்பூச்சியும் இதற்குத் தெரிந்த சான்றுகள். பருத்தி வயலின் வரப்பில் இச்செடிகளை அகற்றச் சொல்வது நியாயமே. ஆனால் வயல்வரப்புக்குரிய ஆலோசனையைக் கடலோர மணல்மேட்டுக்கும் கோயில் புறம்போக்குக்கும் நீட்டிப்பதற்கு அது ஆதாரம் ஆகாது. அதே செடிகள் பூச்சியுண்ணும் பூச்சிகளுக்கும் வண்டுகளுக்கும் கோடையில் உணவு தருகின்றன என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இரண்டாவது: இது அழியும் நிலையில் உள்ள செடி அல்லவே, ஏன் கவலை? உண்மைதான். பரந்த நிலப்பரப்பில் வாழும் இனம் இது; அதை அபூர்வமென்று சொல்லிப் பரிவு தேடுவது நேர்மையாகாது. ஆனால் ஹவாய்த் தீவுகளின் அனுபவம் நினைக்கத் தக்கது. அங்கு வறண்ட காடுகளுக்குரிய மஞ்சள் செம்பருத்தி, ஹைபிஸ்கஸ் பிராக்கன்ரிட்ஜி, 1988இல் மாநில மலராக அறிவிக்கப்பட்டது. ஆறே ஆண்டுகளில், 1994இல், அது அமெரிக்க அரசின் அழிவாபத்துப் பட்டியலில் சேர்ந்தது. பூவுக்கு மாநிலச் சின்னம் என்ற மதிப்பு கிடைத்த வேளையில் அதன் வறண்ட காடு மேய்ச்சலாலும் அயல்நாட்டுப் புற்களாலும் தீயாலும் குறைந்துகொண்டே இருந்தது. செடியைத் தனியே போற்றுவதால் பயனில்லை, வாழிடம் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. கிள்ளையில் செடி இன்னும் பொதுவானதாக இருக்கும்போதே வாழிடத்தைப் பேசுவது மலிவான வழி.

மூன்றாவது மறுப்பு உண்மையில் ஆதரவாகவே வருகிறது: இது மூலிகை, ஆகவே காக்க வேண்டும் என்பது. சாற்றை எலிகளுக்குக் கொடுத்துக் காய்ச்சலும் வீக்கமும் தணிந்ததாகச் சில ஆய்வுகள் வெளிவந்துள்ளன. அவற்றை மனிதருக்கான மருத்துவச் சான்றாகக் கொள்ள முடியாது. மருந்தாக நிரூபணமானால்தான் ஒரு செடிக்கு இடம் உண்டு என்பது, விறகானால்தான் மரத்துக்கு மதிப்பு என்ற ஹீத் காலத்துக் கணக்கின் மறுபிறவி. இக்கட்டுரை அந்த ஆதரவை ஏற்கவில்லை.

அடுத்த நடவுக்கு முன்

இது வெறும் கருத்து விவாதமாக இருந்தால் இங்கேயே நிறுத்தலாம். ஆனால் முடிவுகள் இப்போது எடுக்கப்படுகின்றன. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த இலக்கு வைத்துள்ளது. அயல் ஊடுருவித் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்கும் கொள்கையையும் அதே ஆண்டு மாநில அரசு கொண்டுவந்தது. சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்குவதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பிடுங்கிய இடத்தில் என்ன வரவேண்டும் என்பதில்தான் கருத்து வேண்டும். ‘மரப் பரப்பு’ என்ற அளவுகோல் மட்டுமே கையில் இருந்தால், விடை ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.

கிள்ளைப் பேரூராட்சி எல்லைக்குள்ளும் சுற்றுப்புறத்திலும் உள்ள மணல்மேடு, கரை, புறம்போக்கு ஆகியவற்றை நடவுக்கு எடுக்கும் முன் அங்கே இப்போது என்னென்ன செடிகள் உள்ளன என்று பட்டியல் எடுக்க வேண்டும். ஒருமுறை போதாது. மழை முடிந்த தை மாதத்தில் ஒன்று, பூண்டுகள் கருகியபின் சித்திரையில் ஒன்று என இரண்டு வேண்டும். வறட்சியைத் தாங்குவது எது என்பதை இரண்டாவது பட்டியல்தான் சொல்லும். எம்.ஜி.ஆர். நகர், கலைஞர் நகர் இருளர் குடும்பங்கள் இக்கழிகளில் தலைமுறைகளாக உழைப்பவர்கள். இந்த நிலத்தை அவர்கள் அளவுக்கு நடந்து பார்த்தவர் வேறு யாரும் இல்லை. பட்டியல் வேலையில் அவர்களுக்குக் கூலியும் பெயரும் கிடைக்க வேண்டும். மரம் தேவைப்படும் இடத்தில் சவுக்குக்குப் பதில் பூவரசும் நீர்ப்பருத்தியும் நடலாம். இரண்டும் போத்து வெட்டி நட்டாலே பிழைப்பவை. மற்ற இடங்களில் திறந்த புதர்வெளியைத் திறந்த புதர்வெளியாகவே விட்டுவைப்பதும் ஒரு மீட்புப் பணியாகப் பதிவாக வேண்டும்.

இதற்கு ஆட்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறை சிதம்பரத்தில் இருக்கிறது. 1961 முதல் இயங்கும் அதன் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. கிள்ளை இரண்டுக்கும் நடுவில்தான் உள்ளது.